எக்கோ அறிக்கையில் இடது கீழறையைப் படிக்கும் முறை

உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுவது இதயத்தின் இடது கீழறை என்பதால், மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று வருபவர்களுக்கு மருத்துவர் பெரும்பாலும் முதலில் எக்கோ, அதாவது ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை, எடுக்கச் சொல்கிறார். கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தேசிய இருதயக் கழகமானாலும் பினாங்கு மருத்துவமனையானாலும் செய்முறை ஒன்றுதான்.

சாதாரண எக்கோவுக்கு வயிற்றைக் காயப்போடத் தேவையில்லை. முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை வசதி; பெண் தொழில்நுட்பர் வேண்டுமென்றால் தேதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, இடக்கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொல்வார்கள். அப்போது விலா எலும்புகளுக்கிடையே இடைவெளி விரிந்து, இதயமும் நெஞ்சுச் சுவரை ஒட்டி வருகிறது. நுரையீரலிலுள்ள காற்று ஒலி அலைகளை மறைத்துவிடுவதால், மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லும்போது அப்படியே செய்தால்தான் அறையின் சுவர்கள் தெளிவாகத் தெரியும்.

அறிக்கையில் ‘எல்வி’ என்று தொடங்கும் வரிகள் இடது கீழறையைப் பற்றியவை. அவற்றில் எல்லோரும் தேடுவது ‘இஎஃப்’, அதாவது அறையில் நிரம்பிய இரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் விழுக்காடு. அறை நிரம்பியிருக்கையில் 120 மில்லிலிட்டரும் சுருங்கி முடிக்கையில் 50 மில்லிலிட்டரும் இருந்தால், வெளியேறிய 70-ஐ 120-ஆல் வகுக்க, 58 விழுக்காடு கிடைக்கிறது. எஸ்பிஎம் தேர்வுப் புள்ளியைப் பார்ப்பதுபோல் 58-ஐப் பார்த்து முகம் வாடுபவர்கள் உண்டு. நல்ல இதயமும் அறையை முழுக்கக் காலி செய்வதில்லை. ஆண்களுக்கு 52 முதல் 72 வரையும் பெண்களுக்கு 54 முதல் 74 வரையும் இயல்பு. 40-உம் அதற்குக் கீழும் இருந்தால், சுருங்கும் ஆற்றல் தெளிவாகக் குறைந்துவிட்டது என்று பொருள். அளப்பவர் மாறினாலே ஐந்தாறு புள்ளி கூடலாம், குறையலாம். ஆகவே பழைய அறிக்கையை உடன் கொண்டுபோய், இரண்டையும் மருத்துவரையே ஒப்பிடச் சொல்லுங்கள்.

இஎஃப் இயல்பாக இருக்கிறது என்பதற்காக அறிக்கையை மடித்து வைத்துவிடக் கூடாது. பல்லாண்டு உயர் இரத்த அழுத்தமோ இனிப்பு நீரோ உள்ளவர்களுக்குச் சுவர் தடித்து விறைத்து, சுருங்குவது சரியாக இருந்தும் விரிந்து நிரம்புவதில் சிக்கல் வரலாம். மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டுவதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். அறை விரிந்து நிரம்புவதைக் குறிக்கும் ‘டயஸ்டாலிக்’ என்ற சொல் வரும் வரியைச் சுட்டிக்காட்டி விளக்கம் கேளுங்கள். ‘ஹைப்போகைனெடிக்’ என்றால் சுவரின் ஒரு பகுதி மந்தமாக அசைகிறது, ‘அகைனெடிக்’ என்றால் அசையவே இல்லை. இவை இதயத் தசைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைப்பையோ பழைய மாரடைப்பையோ சுட்டக்கூடும்.

படம் தெளிவாக இல்லாவிட்டாலோ தசையிலுள்ள தழும்பை அறிய வேண்டியிருந்தாலோ இதய எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லலாம். அதில் கெடோலினியம் என்ற மருந்தை ஊசி வழியாகச் செலுத்தித் தழும்பை வெண்மையாகக் காட்டுவார்கள். சிறுநீரகக் கோளாறோ உடலுக்குள் பொருத்திய பேஸ்மேக்கரோ இருந்தால், தேதி குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.