பெட்டிக்குள் பேசும் முகம்: திகில் குறும்படத்தில் பாடகியை நடிக்க வைப்பது எப்படி?

டேவிட் குரோனன்பெர்க் இயக்கி 1983இல் வெளிவந்த ‘வீடியோட்ரோம்’ படத்தில், பிளாண்டி இசைக்குழுவின் பாடகி டெபி ஹாரி, நிக்கி பிராண்ட் என்ற வானொலித் தொகுப்பாளராக நடித்தார். தொலைக்காட்சி மனித உடம்புக்குள்ளேயே புகுந்துவிடும் அந்த விபரீதக் கதையில் அவர் ஒரு பாட்டுக்கூடப் பாடுவதில்லை. பாம்பன், மண்டபம் பக்கம் நல்ல குரலுள்ள ஒருவரை வைத்து இவ்வகைக் குறும்படம் எடுக்க நினைப்பவர்கள் முதலில் பின்பற்ற வேண்டியது இதைத்தான். (படம் வயது வந்தோருக்கானது, வன்முறையும் பாலியல் காட்சிகளும் கடுமையானவை.)

கதைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ‘வீடியோட்ரோம்’ கதையில், சிறிய அலைவரிசை ஒன்றை நடத்துபவரிடம் ஊர்பேர் தெரியாத ஒளிபரப்பு ஒன்று சிக்குகிறது. மலேசியாவிலிருந்து வருவதாக நினைத்தது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து வருவதாகப் பிறகு தெரிகிறது. நம் கரையில் அதற்குக் கற்பனையே தேவையில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கிய பின், உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டிக் கடல் கடந்து வந்த படத்தைப் பார்த்தவர்கள் இங்கே உண்டு. ராமேஸ்வரத்தின் 323 மீட்டர் தூர்தர்ஷன் கோபுரம் எழும் முன்பிருந்த அந்தக் காலத்தில் கதை நடப்பதாக அமைத்தால், புள்ளிகளுக்கு நடுவே யாரென்று தெரியாத ஒரு முகம் தோன்றுவதைப் பார்ப்பவர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்.

நடிப்பில்தான் உழைப்பு அதிகம். மேடையில் பாடுபவர் மூச்செடுப்பது கேட்காதபடி மறைக்கப் பழகியவர். இங்கே அதை அவிழ்க்க வேண்டும். வசனத்தைத் தொடங்கும் முன் வாயை லேசாகத் திறந்து, காதில் விழும்படி மூச்சை உள்ளிழுத்து, பாதி மூச்சு வெளியேறிய பிறகே முதல் சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள். சொல் தளர்ந்தும் அருகிலும் ஒலிக்கும். கையசைவு, தலையசைவு, கடைசி வரிசைக் கூட்டம் வரை எட்டும் பார்வை ஆகிய மூன்றையும் நிறுத்திவிடுங்கள். ஹாரியின் உதடுகள் மட்டும் திரையை நிறைக்கும் காட்சியின் வலிமை அந்த அடக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்த முகத்தைத் தனியாகப் படம்பிடித்து, படக்குழாய் உள்ள பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் ஏவி முனை (வெளியிலிருந்து படத்தையும் ஒலியையும் உள்ளே கொடுக்கும் இணைப்பு) வழியாக ஓட விட்டு மறுபடி படமெடுங்கள். கேமராவை விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் திரையில் ஓடும் கறுப்புப் பட்டைகள் பெரும்பாலும் அடங்கிவிடும். கச்சான் காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று) வீசும் மாதங்களில் கரையில் குரல் பதிவு உருப்படாது. வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்தி, சுற்றிலும் போர்வை தொங்கவிட்டுப் பதியுங்கள்.

‘வீடியோட்ரோம்’ படத்தில் தொலைக்காட்சித் திரை புடைத்து வரும் காட்சிக்குப் படக்குழு, இழுபடும் ரப்பர்த் தாளின் மீது பின்னாலிருந்து படத்தை விழ வைத்தது. படக்குழாய் நீக்கிய பெட்டி, மெல்லிய ரப்பர்த் தாள், சிறு புரொஜெக்டர் இருந்தால் நாமும் செய்யலாம். ஆனால் குழாயை நீங்களே கழற்றாதீர்கள்: வண்ணத் தொலைக்காட்சியில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் ஓடும், மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அது தங்கியிருக்கும். அந்த வேலையை டிவி மெக்கானிக்கிடம் கொடுத்து, காலிப் பெட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள்.