கையடக்க ஜி.பி.எஸ். கருவிக்கு மின்னேற்றக்கூடிய பற்றரி தெரிவு செய்வது எப்படி?

படி 1: கருவியின் பின்மூடியைத் திறந்து பாருங்கள். கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் போன்றவற்றில், கடைகளில் நாம் பென்டோர்ச் பற்றரி என்று கேட்டு வாங்கும் ஏ.ஏ. அளவுப் பற்றரிகள் இரண்டு இருக்கும். இந்த விளக்கம் அத்தகைய கருவிகளுக்கே உரியது.

படி 2: நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகையைக் கேளுங்கள். அதில் 1.2 வோல்ட் என்றிருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம், 1.5 வோல்ட்டில் தொடங்கும் அல்கலைன் பற்றரியின் (மின்னேற்ற முடியாத சாதாரண வகை) அழுத்தம் பாவிக்கப் பாவிக்கச் சரிந்துகொண்டே போக, இது தீரும் தறுவாய் வரை 1.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். 14500 என்ற எண்ணுடன், ஏறத்தாழ அதே உருவத்தில் விற்கப்படும் லித்தியம் பற்றரியை மட்டும் போட்டுவிடாதீர்கள். ஒன்றே 3.7 வோல்ட் என்பதால் கருவி பழுதாகிவிடலாம்.

படி 3: பலரும் ஏமாறுவது இங்கேதான். புறக்கோட்டை நடைபாதையில் 4000, 5000 மில்லி அம்பியர்மணி (பற்றரி கொள்ளும் மின்னின் அளவு) என்று அச்சிட்ட உறைகள் தொங்கும். ஆனால் இந்த வகையில் ஏ.ஏ. அளவுக்குள் 3000ஐ எட்டுவதே அரிது. நல்ல 2000 பற்றரி சுமார் 26 கிராம் இருக்கும். கையில் எடுத்ததும் வெறுமையாகத் தோன்றினால் வைத்துவிட்டு நகருங்கள். எண்ணைவிட முக்கியமானது, சும்மா கிடக்கும்போது மின்னை இழக்காத தன்மை. 2005இல் சான்யோ அறிமுகப்படுத்தி, இப்போது பானசோனிக் பெயரில் வரும் எனலூப் அத்தகையது. எப்போதாவது சிங்கராஜவுக்கோ ஹோர்ட்டன் சமவெளிக்கோ போகிறவருக்கு, மாதக்கணக்கில் லாச்சியில் கிடந்தாலும் பெரும்பகுதி மின்னுடன் இருக்கும் 2000 பற்றரியே என் தெரிவு. 2500 பற்றரி ஒரே நாளில் கூடுதல் நேரம் உழைக்கும் என்பது உண்மைதான், ஆயினும் அதை மின்னேற்றக்கூடிய தடவைகள் குறைவு.

படி 4: ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியே கவனித்து, நிறைந்ததும் தானே நிறுத்தும் சார்ஜரை வாங்குங்கள். பற்றரியில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

படி 5: கருவியின் சிஸ்டம் அமைப்பில் பற்றரி வகையை நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் என்று மாற்றுங்கள். அல்கலைன் என்றே விட்டால், முழுதாக மின்னேற்றிய பற்றரியையும் பாதி தீர்ந்ததாகக் கருவி காட்டும்.

படி 6: சேர்த்து வாங்கிய இரண்டுக்கும் பேனாவால் ஒரே அடையாளம் இட்டு, எப்போதும் சோடியாகவே பாவியுங்கள், பழையதும் புதியதும் கலந்தால் பலவீனமானது முதலில் வடிந்து கெட்டுப்போகும். மேலதிகச் சோடியைச் சில்லறைக் காசு கிடக்கும் சட்டைப்பையில் போடாமல் பிளாஸ்டிக் பெட்டியில் கொண்டு செல்லுங்கள். நெடுநாள் பாவிக்காதபோது பற்றரிகளைக் கழற்றி வைப்பது நல்லது. வெள்ளவத்தை போன்ற கடலோர வீடுகளில் உள்ளவர்கள், திரும்பப் போடுமுன் முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.