பச்சிளங்குழந்தையின் கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தால்

பிறந்த சில வாரங்களில் ஒரு கண்ணில் மட்டும் நீர் தேங்கி, தூங்கி எழும்போது இமை பீளையில் ஒட்டிக்கொள்கிறதா? வெள்ளைவிழி சிவக்காமல் இருந்தால், பெரும்பாலும் கண்ணீர்க் குழாய் அடைப்புதான். குழாய் மூக்குக்குள் திறக்கும் இடத்தில் மெல்லிய சவ்வு ஒன்று விலகாமல் நிற்கிறது. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகவே திறந்துவிடும். மசாஜ் அதற்கு உதவும்.

நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சுண்டுவிரல் நுனியைக் கண்ணின் உள்மூலைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவில் வையுங்கள். அழுத்தியபடியே மூக்கோரமாகக் கீழே இழுங்கள். ஒரு தடவைக்கு 5 முதல் 10 இழுப்பு, நாளுக்கு 3, 4 தடவை. பலரும் தோலை மட்டும் தடவுகிறார்கள்; அது பயன்படாது. உள்ளிருக்கும் நீர் அழுத்தம் பெற்றுச் சவ்வை முட்ட வேண்டும். சரியாக அழுத்தினால் சில சமயம் மூலையில் பீளை எட்டிப்பார்க்கும், பயப்பட வேண்டாம். கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள், கண்ணுக்கொரு பஞ்சு.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், மை எதுவும் கண்ணில் வேண்டவே வேண்டாம். ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து அடைப்பைத் திறக்காது. தொற்று இருந்தால் மருத்துவர் தருவார்.

உள்மூலை சிவந்து வீங்கினால் மசாஜை நிறுத்தி அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முதல் மாதத்தில் இமை வீங்கிச் சீழ் கொட்டினாலும் அப்படியே. வெளிச்சத்தைக் கண்டு கூசுவது, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிவது பிறவிக் கண் அழுத்த நோயாக இருக்கலாம். தாமதித்தால் பார்வையே போகும். ஒரு வயது தாண்டியும் வடிந்தால், மயக்க மருந்து கொடுத்து மெல்லிய கம்பியால் குழாயைத் திறந்துவிடுவார்கள்.