அவரைக்கு வேர்ப் பூஞ்சாணம்: மாடித்தோட்டத்தில் போடும் முறை

பூ வைக்கும் சமயத்தில் அவரைச் செடி திடீரென்று வாடினால் உடனே தண்ணீரை ஊற்றாதீர்கள். தண்டைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். அழுகிய வேர் மண்ணிலேயே தங்கிவிட, செடி கையோடு வந்துவிடும். அடித்தண்டில் பட்டை நார் நாராக உரியும். அதற்கு அடியில் கரித்தூளைத் தூவியது போலப் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். இதுதான் வேரழுகல். மேக்ரோபோமினா என்ற பூஞ்சாணத்தின் வேலை. அந்தக் கறுப்புப் புள்ளிகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த செடிக்காகக் காத்திருக்கும்.

போன கோடையில் ஆறு பைகளில் நான்கை இப்படித்தான் பறிகொடுத்தேன். வாடிய பிறகு ஊற்றிய எதுவும் செடியை மீட்கவில்லை. அதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்: வேரில் இடம் பிடிப்பதில் நல்ல பூஞ்சாணம் முந்திக்கொள்ள வேண்டும். அதற்கு விதைக்கிற நாளை விட்டால் நல்ல நாள் கிடையாது.

நமக்கு வேண்டியது இரண்டு. ஒன்று வேர் உட்பூசணம். உரக்கடையில் 'வேம்' என்று கேட்டால் தெரியும். இன்னொன்று டிரைக்கோடெர்மா விரிடி. இரண்டும் பூஞ்சாணம்தான், ஆனால் செய்கிற வேலை வேறு வேறு.

வேம் வேருக்கு உள்ளேயே புகுந்து குடியிருக்கும். மண்ணில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அதிகம் நகராது. வேரை ஒட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சித் தீர்த்துவிட்டால், அப்புறம் செடிக்குத் தட்டுப்பாடுதான். இந்தப் பூசணத்தின் இழைகள் வேரைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தூரம் போய் அந்தச் சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். அதற்கு ஈடாகச் செடி தன் இலையில் செய்த சர்க்கரையில் ஒரு பங்கைத் தரும். மரவேர்களில் இப்படியொரு உறவைப் பார்த்து, ஜெர்மானியரான பிராங்க் 1885-இல் 'மைகோரைசா' என்று பெயர் வைத்தார். பூஞ்சாண வேர் என்று பொருள்.

அவரைக்கு இது இரட்டை லாபம். வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலிருந்து ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிடிக்க 16 ஏ.டி.பி. செலவாகிறது. உயிரணுக்கள் சக்திக்காகச் செலவழிக்கும் இந்த ஏ.டி.பி. என்பதே மணிச்சத்து சேர்ந்த பொருள்தான். மணிச்சத்து தட்டினால் முடிச்சும் இளைத்துப்போகும்.

டிரைக்கோடெர்மா அப்படியல்ல. அது மண்ணிலும் மட்கிலும் தனியாகவே வாழும். கெட்ட பூஞ்சாணத்தின் இழையைக் கண்டால் கொடி போலச் சுற்றிக்கொண்டு, அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். வேரின் மேல்தோலில் தங்கிச் செடியின் எதிர்ப்புச் சக்தியையும் தூண்டிவிடும். சரி, வேலைக்கு வருவோம்.

1. ஒரு வாரம் முன்பே: பத்து கிலோ மட்கிய தொழு உரத்தில் 100 கிராம் டிரைக்கோடெர்மா பொடியைக் கலந்து, புட்டு மாவுப் பதத்துக்கு நீர் தெளித்து, நிழலில் குவித்து மூடி வையுங்கள். மூன்று நான்கு நாளில் ஒருமுறை கிளறிவிட்டு, காய்ந்திருந்தால் திரும்பத் தெளியுங்கள். ஏழு நாளில் தயார். பச்சைச் சாணம் வேண்டாம், நன்றாக மட்கியதுதான் வேண்டும்.

2. பை நிரப்புதல்: செம்மண், இந்தத் தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலக்கலாம். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து உரம் எதுவும் சேர்க்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மண்ணில் மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி வேமுக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துவிடும், வேருக்குள் அது சரியாகப் பரவாது. உரமும் போட்டு வேமும் போட்டால் வேமுக்குக் கொடுத்த காசு வீண். பையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. விதை: நிறமேற்றிய விதையை வாங்காதீர்கள். அந்த நிறத்தோடு பெரும்பாலும் பூஞ்சாணக்கொல்லியும் இருக்கும், அது நம் பூஞ்சாணத்தையும் சேர்த்துக் கொல்லும். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்பது கணக்கு. வீட்டுக்கு எடுக்கிற ஒரு கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகை போதும். ஒரு தட்டில் விதையைக் கொட்டி, ஆறிய அரிசிக் கஞ்சி அரை ஸ்பூன் விட்டுப் புரட்டுங்கள். விதை பளபளவென்று ஈரமானதும் பொடியைத் தூவி, விரல் நுனியால் மெதுவாக உருட்டுங்கள். மேலே மெல்லிய சாம்பல் பூச்சு வரும். கஞ்சி கூடிவிட்டால் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள்.

4. வேம் வைத்தல்: வேம் உயிருள்ள வேர் இல்லாமல் வளராது. அதனால் மக்காச்சோளம் போன்ற செடிகளின் வேரில் வளர்த்து, அந்த வேர்த்துண்டுகளோடும் மண் போன்ற பொருளோடும் சேர்த்தே விற்கிறார்கள். இதை மேலே தூவினால் பயனில்லை. விதை விழும் இடத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் 5 முதல் 10 கிராம் போட்டு, மெல்லியதாக மண் மூடி, அதன்மேல் விதையை வையுங்கள். முளைத்து இறங்குகிற முதல் வேர் அதற்குள் நுழைந்து போக வேண்டும்.

5. ஒப்பிட்டுப் பார்க்க: தயவுசெய்து இரண்டு பைகளிலாவது இந்த இரண்டு பூஞ்சாணமும் கலக்காமல், அதே விதையை அதே நாளில் போடுங்கள். அப்போதுதான் நம் மண்ணில் இது வேலை செய்கிறதா என்று நமக்கே தெரியும்.

இனிக் காத்திருப்பு. முதல் மூன்று வாரம் வித்தியாசமே தெரியாது. சில சமயம் வேம் போட்ட செடி கொஞ்சம் பின்தங்கியும் நிற்கும், சர்க்கரையில் பங்கு போகிறதே! அந்த நேரத்தில் பயந்துபோய் உரம் போட்டுவிடாதீர்கள். பூ எடுக்கும்போது ஒரு செடியைத் தியாகம் செய்து, வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நைட்ரஜன் வேலை நடக்கிறது. வேம் மட்டும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. வேருக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், வேரின் செல்களுக்குள் கிளை விரித்த குட்டி மரம் போல நிற்கும்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வேரழுகல், வாடல், நூற்புழு போல மண்ணிலிருந்து வரும் தொல்லைகள் குறையும். முழுக்கப் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் தேமலை இவை தடுக்காது. தேமல் கண்ட செடியைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

அசுவினி விஷயத்தில் மனதைத் தொட்ட ஒரு சோதனை உண்டு. பிரிட்டனில் நடந்து 2013-இல் வெளிவந்தது. பாக்லா அவரைச் செடிகளை ஒரே மண்ணில் வளர்த்து, ஒரு செடியில் மட்டும் அசுவினியை விட்டார்கள். காற்று வழியாகச் சேதி போகாதபடி செடிகளுக்கு உறை மாட்டினார்கள். வேம் இழையால் இணைந்திருந்த பக்கத்துச் செடிகள், தங்கள் மேல் ஒரு பூச்சிகூட இல்லாதபோதே, அசுவினியை விரட்டும் வாசனையை விட ஆரம்பித்தன. இழை இணைப்பு இல்லாத செடிகளுக்குச் சேதி எட்டவில்லை. இதைப் படித்த பிறகு நான் தனிப்பைகளைக் குறைத்து, நீளத் தொட்டியில் மூன்று நான்கு செடிகளாக வளர்க்கிறேன்.

அறுவடை முடிந்ததும் நோயில்லாத செடிகளைப் பிடுங்காமல் மண்மட்டத்தில் வெட்டுங்கள். வேர் உள்ளேயே கிடக்கட்டும், அதில்தான் வேம் தங்கியிருக்கிறது. அடுத்து அதே மண்ணில் வெண்டை, கத்திரி, மிளகாய் எது வேண்டுமானாலும் போடலாம். முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகு மட்டும் வேண்டாம், அந்தக் குடும்பம் வேமைச் சேர்த்துக்கொள்ளாது.