காற்று ஏறவில்லையா? பம்பைக் குறை சொல்லும் முன் வால்வைப் பாருங்கள்

போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு ரோடு சைக்கிள் வாங்கினேன். அல்சூர் ஏரியை இரண்டு நாள் சுற்றியதோடு டயர் அமுங்கிவிட்டது. வீட்டில் இருந்த பம்பை மாட்டி ஐம்பது அடி அடித்தும் துளி காற்று ஏறவில்லை. பம்புதான் போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினேன். அதிலும் அதே கதை. கடைசியில் மார்க்கெட் பக்கம் பஞ்சர் ஒட்டும் அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனேன். "தம்பி, மேல இருக்கற நட்டைத் திருகி விட்டீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் விஷயம். இரண்டு பம்பிலும் ஒரு குறையும் இல்லை.

முதலில் உங்கள் சைக்கிளில் என்ன வால்வு என்று பாருங்கள். பைக், கார் டயரில் இருக்கிற மாதிரி தடியாக, நடுவில் ஒரு முள்ளோடு இருந்தால் அது ஸ்ரேடர். சுமார் 8 மி.மீ. தடிமன் இருக்கும். மலைச் சைக்கிள், சாதாரண கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் இதுதான். 6 மி.மீ. அளவில் ஒல்லியாக, நுனியில் குட்டி நட்டோடு இருந்தால் பிரெஸ்டா.

மூன்றாவது, தாத்தா காலத்துக் கறுப்புச் சைக்கிளில் வருகிற டன்லப் வால்வு. அதற்குள் இருப்பதுதான் நாம் சின்ன வயதில் வாங்கிப் போட்ட வால் டியூப். காற்று அந்த ரப்பரை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். போனதும் உள்ளிருக்கும் அழுத்தமே ரப்பரை ஒட்ட வைத்து வழியை அடைத்துவிடும். நாளாக நாளாக ரப்பர் உளுத்து, காற்று மெல்லக் கசியும். ஆகவே இந்தச் சைக்கிளில் காற்று இறங்கினால் உடனே பஞ்சர் என்று டியூபைக் கழற்றாதீர்கள். வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் வால் டியூபை மட்டும் மாற்றினால் போதும்.

ஸ்ரேடருக்குப் பெரிய வேலை இல்லை. மூடியைக் கழற்றி, பம்பு வாயை மாட்டி அடிக்கலாம்.

பிரெஸ்டாவில்தான் நிதானம் வேண்டும். மூடியைக் கழற்றியதும் நுனியில் இருக்கும் குட்டி நட்டை இடப்பக்கமாக, அது நிற்கும் வரை திருகுங்கள். கழன்று கையோடு வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், வராது. பிறகு நுனியை விரலால் ஒரே ஒரு தடவை அமுக்கி 'புஸ்' என்று கொஞ்சம் காற்றை விடுங்கள். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் இதில்தான் விடுபடும். இந்த ஒரு அமுக்கலை விட்டால், நட்டைத் திறந்திருந்தும் பம்பு கல் மாதிரி இறுகி நிற்கும்.

அடுத்தது பம்பின் தலை. இரண்டு ஓட்டை உள்ள தலை என்றால் பொருந்துகிற ஓட்டையில் மாட்டிவிடலாம். ஒரே ஓட்டை என்றால் பல பம்புகளில் தலையின் மூடியைத் திருகித் திறக்கலாம். உள்ளே ஒரு ரப்பரும் ஒரு பிளாஸ்டிக் துண்டும் இருக்கும். ரப்பரின் சின்ன ஓட்டை வெளியே பார்த்தால் பிரெஸ்டா, பெரிய ஓட்டை பார்த்தால் ஸ்ரேடர். ரப்பரைத் திருப்பும்போது பிளாஸ்டிக் துண்டையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். நான் ரப்பரை மட்டும் திருப்பிவிட்டு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டினேன். கழற்றும்போதே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டியதும் லீவரைத் தூக்கிப் பூட்டி அடியுங்கள். எவ்வளவு அழுத்தம் என்பது டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். பம்பில் அழுத்தம் காட்டும் கேஜில் பார், பிஎஸ்ஐ என்று இரண்டு அளவுக்கும் இரண்டு வரிசை எண் இருக்கும், மாற்றிப் படித்துவிடாதீர்கள். 1 பார் என்பது ஏறக்குறைய 14.5 பிஎஸ்ஐ. எடுக்கும்போது தலையை நேராக இழுங்கள். ஆட்டி ஆட்டி இழுத்தால் பிரெஸ்டாவின் மெல்லிய கம்பி வளைந்துவிடும். கடைசியில் அந்தக் குட்டி நட்டை மறுபடி மூடுங்கள்.

பம்பு வாங்குவதாக இருந்தால் என் ஓட்டு, கேஜ் உள்ள, நின்றுகொண்டு அடிக்கிற இரட்டை ஓட்டை பம்புக்குத்தான். சட்டைப்பை பம்பு வழியில் உதவும், ஆனால் ரோடு டயரை அதில் முழுசாக நிரப்பக் கை கழன்றுவிடும். கூடவே ஒரு பித்தளை அடாப்டர் வாங்கிப் பையில் போடுங்கள். பிரெஸ்டா நட்டைத் திறந்துவிட்டு அதன்மேல் திருகினால் ஸ்ரேடர் பம்பு எதுவும் சேரும். டன்லப் வால்வுக்கும் இதே அடாப்டர் பொருந்தும். நந்தி மலைக்குப் போகும் வழியில் தேவனஹள்ளி தாண்டி டயர் இறங்கியபோது இந்தச் சின்னத் துண்டுதான் என்னைக் காப்பாற்றியது. பெட்ரோல் பங்க்கில் மட்டும் கவனம்: ஒல்லி டயருக்குள் இடம் குறைவு, கம்ப்ரஸர் நொடியில் நிரப்பிவிடும். விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை 1: புது டியூபில் வேறு வால்வு இருந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். பிரெஸ்டா ஓட்டையில் ஸ்ரேடர் நுழையாது. அதற்காக ரிம்மை டிரில் செய்யாதீர்கள், ஒல்லி ரிம் பலம் இழக்கும். பெரிய ஓட்டையில் பிரெஸ்டா போடலாம், ஆனால் இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போடுங்கள். இல்லாவிட்டால் வால்வு ஆடி ஆடி அடிப்பக்கம் கிழியும்.

பிற்சேர்க்கை 2: பம்புக் குழாயைத் திருகிக் கழற்றும்போது பிரெஸ்டாவின் உட்பகுதியே சேர்ந்து கழன்று, அடித்த காற்றெல்லாம் போய்விட்டதாக இன்னொருவர் எழுதினார். சில டியூப்களில் அந்தப் பகுதி தனியாகக் கழலும்படிதான் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் தட்டையாக இருக்கும். கட்டிங் பிளேயரால் அந்த இடத்தைப் பிடித்து, காற்றடிக்கும் முன்பே மெதுவாக ஒரு இறுக்கு இறுக்கிவிடுங்கள். பித்தளை என்பதால் ரொம்ப முறுக்கினால் மரை போய்விடும்.