அநியாயம், அவரவர் கருத்து, சர்ச்சை: கிரிக்கெட் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்ச் முடிந்ததும் தோற்ற அணியின் ரசிகர் "இது அநியாயம்" என்பார். ஜெயித்த அணியின் ரசிகர் "ரூல்ஸ்படிதானே நடந்தது?" என்பார். ஒருவர் விதியைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் அதை நடைமுறைப்படுத்தியதைப் பற்றிப் பேசுகிறார். அதனால்தான் இந்த வாக்குவாதம் விடிய விடியப் போனாலும் முடிவதில்லை.

விதியில் உள்ள குறையையும் நடுவரின் பிழையையும் ஒன்றாகப் பேசுவது

இரண்டுமே நடந்த மேட்ச் ஒன்று உண்டு: 2019 ஜூலை 14, லார்ட்ஸ், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. நியூசிலாந்து, இங்கிலாந்து இரண்டும் 241 ரன். சமனை முறிக்க ஆளுக்கு ஒரு ஓவர் ஆடும் சூப்பர் ஓவரிலும் ஆளுக்கு 15. பவுண்டரி எண்ணிக்கையில் 26க்கு 17 என்று முந்திய இங்கிலாந்துக்குக் கோப்பை போனது. தொடர் தொடங்கும் முன்பே எழுதப்பட்ட விதி இது. எல்லா அணிக்கும் பொது, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் விதியே மோசமானது. அடித்த ஃபோரும் சிக்ஸரும் ஏற்கெனவே ரன்னில் சேர்ந்துவிட்டன, அவற்றையே மறுபடி எண்ணி வெற்றி கொடுப்பானேன்? அதே ஆண்டு அக்டோபரில் ஐசிசி அந்த விதியை எடுத்துவிட்டது.

அதே மேட்சின் கடைசி ஓவர். நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து, இரண்டாவது ரன்னுக்கு டைவ் அடித்த இங்கிலாந்தின் ஸ்டோக்ஸின் பேட்டில் பட்டு எல்லைக்கோட்டுக்கு ஓடியது. பேட்டில் பட்டது வெறும் அதிர்ஷ்டம். அதை அநியாயம் என்று சொல்ல முடியாது. பிழை அடுத்து வந்தது. விதி 19.8-இன்படி, பந்தை எறிந்த நொடியில் பேட்ஸ்மேன்கள் ஒருவரையொருவர் கடந்திருந்தால்தான் ஓடிக்கொண்டிருக்கும் ரன் சேரும். இரண்டாவது ரன்னுக்கு அவர்கள் கடக்கவில்லை. முதல் ரன்னும் பவுண்டரி நான்கும் சேர்த்து ஐந்து ரன் கொடுத்து, அடுத்த பந்தை எதிர்கொள்ள ஆதில் ரஷீதை ஸ்ட்ரைக்கில் நிறுத்தியிருக்க வேண்டும். ஆறு கொடுத்தார்கள், ஸ்டோக்ஸே ஸ்ட்ரைக்கில் நின்றார். நடுவர் குமார் தர்மசேன பின்னாளில் தன் பிழையை ஒப்புக்கொண்டார்.

முதல் குறைக்கு மருந்து விதியை மாற்றுவது. இரண்டாவதற்கு விதியைத் தொட வேண்டியதே இல்லை, ரீப்ளே பார்த்து ரன்னைச் சொன்னால் போதும். "ஐந்து கொடுத்திருந்தால் நியூசிலாந்து ஜெயித்திருக்கும்" என்று தாவுவதும் தவறுதான். இரண்டு பந்தில் நான்கு ரன் என்ற நிலை வந்திருக்கும், அவ்வளவே.

தெரியாததைக் 'கருத்து' என்பது

எல்பிடபிள்யூ ரிவ்யூவில் 'அம்பயர்ஸ் கால்' வந்தால் உடனே "எல்லாம் ஆளைப் பொறுத்தது" என்கிறோம். திரையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பந்து காலில் படும்வரையான பாதை கேமராக்கள் பதிவு செய்தது. அதற்குப் பிறகு ஸ்டம்பு வரை வரும் கோடு கணிப்பு. கணிப்பில் பிழைக்கு இடமுண்டு என்பதால், ஸ்டம்புப் பகுதியில் பாதிப் பந்துக்கும் குறைவாகப் பட்டால் களநடுவரின் தீர்ப்பே நிற்கும், ரிவ்யூவும் பறிபோகாது. அதனால் ஒரே மாதிரிப் பந்து ஒருவருக்கு அவுட், இன்னொருவருக்கு நாட் அவுட் ஆகலாம்.

ஆனால் அந்தப் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா என்ற கேள்விக்குப் பதில் ஒன்றுதான். பார்ப்பவர் மாறினால் அது மாறாது. நம்மிடம் அதைத் துல்லியமாக அறியும் வழி இல்லை, அதுதான் சிக்கல். சிறந்த பேட்ஸ்மேன் கோலியா ரூட்டா என்ற கேள்வி வேறு வகை. எதை வைத்து அளப்பது என்பதையே நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். அங்கும் சராசரியும் வெளிநாட்டு ரன்களும் எண்ணிப் பார்க்கக் கூடியவை, எதற்கு எவ்வளவு மதிப்பு என்பது மட்டுமே அவரவர் கருத்து. எனவே முதலில் அளவுகோலைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். எண்ணிப் பார்த்ததும் தீர்ந்துபோகிற சண்டை, கருத்து வேறுபாடே இல்லை.

'சர்ச்சைக்குரிய' என்று ஒட்டிவிட்டு நகர்வது

2019 மார்ச் 25, ஜெய்ப்பூர் ஐபிஎல் மேட்ச். பந்துவீசும் முனையில் கிரீஸை விட்டு வெளியேறிய பட்லரை அஸ்வின் ரன் அவுட் செய்தார். மறுநாள் தொடங்கி 'சர்ச்சை' என்ற சொல் அஸ்வின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கிரீஸைத் தாண்டியவர் பெயரோடு அது ஒட்டவில்லை. பலர் முரண்பட்டார்கள் என்பதற்கு மேல் அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை, ஆனால் படிப்பவர் மனதில் பழியைப் போட்டுவிடுகிறது.

இங்கே உண்மையான கேள்வி ஒன்று இருந்தது. பந்தை விடுவார் என்று எதிர்பார்க்கும் நொடிவரைதான் பவுலர் அப்படி அவுட் செய்யலாம் என்றது விதி 41.16. அஸ்வின் அந்த நொடிக்குப் பிறகும் காத்திருந்தாரா? இதில் இரு தரப்புக்கும் வாதம் உண்டு. 'ஆட்டப் பண்பு' பற்றிய மனக்குறை தனி விஷயம். 2022 அக்டோபர் முதல், கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்சிசி இந்த வகை அவுட்டை 'முறையற்ற ஆட்டம்' என்ற பிரிவிலிருந்து எடுத்து, ரன் அவுட் விதியான 38-இல் வைத்துவிட்டது.

லார்ட்ஸின் ஆறு ரன்னைச் 'சர்ச்சைக்குரியது' என்பது எதிர்த்திசைத் தவறு. வீடியோவும் விதியும் சேர்ந்து தீர்த்துவைத்த ஒன்றுக்கு இரண்டு பக்கம் இருப்பதுபோல் காட்டுகிறது அது. அதை 'நடுவரின் பிழை' என்றே எழுதலாம். ஜெய்ப்பூருக்கு ஒரு வரி கூடுதலாகத் தேவை: "பட்லர் கிரீஸுக்கு வெளியே இருந்தார், அஸ்வின் பெயில்ஸைத் தட்டினார், அவர் காத்திருந்தது விதிக்குள் வருமா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது."