நாயின் ரத்தத்தில் பேபிசியாவைத் தேடுதல்: முதன்முறை ஸ்மியர் எடுப்பவர்களுக்கு

உண்ணி மொய்த்த நாய் தீனி எடுக்காமல், ஈறு வெளுத்து, காய்ச்சலோடு வந்தால், முதல் வேலையாக ஒரு நல்ல ரத்த ஸ்மியர் (கண்ணாடி ஸ்லைடில் மெல்லிய ரத்தப் பூச்சு) எடுத்துவிட வேண்டும். உண்ணி வழியே பரவி, சிவப்பணுக்களுக்குள் வாழும் பேபிசியா ஒட்டுண்ணியை அதில் தேடலாம். அதன் ஒரு வகையான பேபிசியா கிப்சோனியை 1910-இல் பேட்டன் முதன்முதலில் விவரித்ததே மெட்ராஸ் ஹண்ட் என்னும் வேட்டைக் குழுவின் நாய்களின் ரத்தத்தில் கண்டுதான். பிறகு அது குள்ளநரிகளிலும் தென்பட்டது.

முதலில் காது மடலின் ஓரத்தில் முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஈரம் முற்றிலும் காய்ந்த பின் ஊசியால் குத்துங்கள். ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் நுண்குழாய்களில் தேங்குவதுண்டு என்பதால், சிரை ரத்தத்தைவிட இந்த ரத்தம் தேடலுக்கு ஏற்றது.

அடுத்து, ஸ்லைடின் ஒரு முனையருகே சிறு துளியை வைத்து, இன்னொரு ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்வில் பின்னோக்கி இழுத்துத் துளியைத் தொடச் செய்யுங்கள். ரத்தம் விளிம்பு நெடுகப் பரவியதும், அழுத்தாமல், இடையில் நிறுத்தாமல் ஒரே வீச்சில் முன்னே தள்ளுங்கள். சோகை பிடித்த நாயின் ரத்தம் நீர்த்திருப்பதால் சாய்வைக் கூட்ட வேண்டும். இல்லையேல் பூச்சு ஸ்லைடின் கோடிவரை ஓடிவிடும். பூசியவுடன் ஸ்லைடை வீசி உலர்த்துங்கள். புழுக்கமான நாளில் மெல்லக் காயும் பூச்சில், சிவப்பணுக்களுக்குள் பளபளக்கும் புள்ளிகள் தோன்றி ஒட்டுண்ணிபோல ஏமாற்றும்.

காய்ந்த பூச்சுக்கு நிறமேற்றும் லீஷ்மன் சாயத்தில் மெத்தனால் இருப்பதால் தனியே பதப்படுத்தத் தேவையில்லை. சாயத்தை ஊற்றி 2 நிமிடம் கழித்து, அதைப்போல் இரு மடங்கு பஃபர் நீர் (பிஎச் 6.8) சேர்த்து, 10 நிமிடம் விட்டுக் கழுவி உலர்த்துங்கள்.

இனி நுண்ணோக்கியில் 100 மடங்கு எண்ணெய் லென்ஸ். அவசரம் இங்கேதான் கூடாது. பூச்சின் இறகுபோன்ற முனையையும் இரு ஓரங்களையும் பொறுமையாகப் பாருங்கள். சிவப்பணுவுக்குள் ஜோடியாக, பேரிக்காய் வடிவில் பெரிதாக இருந்தால் பேபிசியா வோகலி. சிறு மோதிரமாக இருந்தால் பெரும்பாலும் கிப்சோனி. சிவப்பணுவின் மேல் உட்கார்ந்த தட்டணுவும் (பிளேட்லெட்) ஒட்டுண்ணிபோலத் தோன்றலாம்; ஆனால் அதைச் சுற்றி வெளிர் வளையம் தெரியும்; நுண்திருகை அசைத்தால் அது வேறு மட்டத்தில் இருப்பது புலப்படும்.

ஒட்டுண்ணி பெரியதா, சிறியதா என்பதை அறிக்கையில் அவசியம் எழுதுங்கள். பெரிய வகைக்கு நன்றாகக் கேட்கும் இமிடோகார்ப் மருந்து, கிப்சோனியை முழுமையாக ஒழிப்பதில்லை; அதற்கு அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துத் தரப்படுகின்றன. ஒன்றுமே தென்படாமல் நோய்க்குறி மட்டும் நீடித்தால், ஸ்மியரை நம்பி நோயை விலக்கிவிடாமல், ரத்தம் உறையாமல் காக்கும் இடிடிஏ குழாயில் எடுத்த ரத்தத்தை, ஒட்டுண்ணியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புங்கள்.